ஹவானா சுகர் கிங்ஸ்: சர்க்கரையோடு வந்து சர்க்கரையோடு போன அணி

1959-ல் இன்டர்நேஷனல் லீக் என்ற பேஸ்பால் தொடரில் எட்டு அணிகள் ஆடின. அவற்றில் மூன்று அமெரிக்காவுக்கு வெளியே இருந்தவை: கனடாவின் மான்ட்ரியல், டொராண்டோ, கியூபாவின் ஹவானா. மான்ட்ரியலுக்கு 1969-ல் மேஜர் லீக் அணி கிடைத்தது, டொராண்டோவுக்கு 1977-ல். 1959-ல் கோப்பையை ஜெயித்த ஹவானாவுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. மறு வருடமே, சீசன் பாதியில், கையில் இருந்த அணியும் போய்விட்டது.

ஹவானா சுகர் கிங்ஸ் என்ற இந்த அணியின் ஆயுள் ஏழு சீசன்கூட முழுதாக இல்லை: 1954 முதல் 1960 ஜூலை வரை. அது ஏன் போனது என்று கேட்டால், மைதானத்தில் துப்பாக்கி வெடித்தது, ஒரு ஆட்டக்காரர் மேல் குண்டு பட்டது, அமெரிக்கர்கள் பயந்துபோய் அணியைத் தூக்கிவிட்டார்கள் என்று சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். குண்டு பட்டது நிஜம்தான். ஆனால் அது நடந்து கிட்டத்தட்ட ஒரு வருடம் அந்த அணி ஹவானாவிலேயே ஆடியது, பட்டமும் ஜெயித்தது. எனக்குத் தெரிந்தவரை, அணியின் தலையெழுத்தைத் தீர்மானித்தது சர்க்கரைதான். அதை விளங்கிக்கொள்ள முதலில் மைனர் லீக் அப்போது எப்படி இயங்கியது என்று பார்த்துவிடுவோம்.

அமெரிக்க பேஸ்பாலில் உச்சியில் இருப்பது மேஜர் லீக். அதன் கீழே படிப்படியாக மைனர் லீக்குகள். அந்தக் காலத்தில் மேல்படிக்குப் பெயர் டிரிபிள் ஏ. அதற்கு மேல் மேஜர் லீக் மட்டும்தான். மைனர் லீக் அணிக்கு ஊரில் ஒரு முதலாளி இருப்பார். மைதானம், டிக்கெட், விளம்பரம் எல்லாம் அவர் பாடு. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் மேலே இருக்கும் மேஜர் லீக் கிளப்பின், அதாவது தாய் கிளப்பின் ஆட்கள். நன்றாக ஆடினால் மேலே கூப்பிட்டுக்கொள்வார்கள், உள்ளூர் முதலாளி தடுக்க முடியாது. அதைவிட முக்கியம், ஒரு ஊரில் அணி இருக்கலாமா கூடாதா என்ற உரிமம் அப்போது லீக் கையில் இருந்தது. லீக் தலைவரும் மற்ற முதலாளிகளும் கூடி முடிவெடுத்தால் அணி வேறு ஊருக்குப் போய்விடும். ஊர்க்காரர்கள் அதை எவ்வளவுதான் நேசித்தாலும் அந்த நேசத்துக்கு ஓட்டு கிடையாது.

கியூபர்களுக்கு பேஸ்பால் அமெரிக்கா கொண்டுவந்து திணித்த ஆட்டம் அல்ல. 1860-களில் அமெரிக்காவில் படித்துவிட்டுத் திரும்பிய கியூப மாணவர்கள் மட்டையும் பந்தும் கொண்டுவந்தார்கள். அப்போது ஆண்டுகொண்டிருந்த ஸ்பெயின் காளைச் சண்டையைப் போற்றியது. விடுதலை வேண்டும் என்றவர்கள் பேஸ்பால் பக்கம் போனார்கள். 1878-லேயே ஹபானா, அல்மெண்டாரஸ் அணிகளோடு ஒரு லீக் தொடங்கிவிட்டது. 1950-களில் அந்தக் குளிர்கால லீக்கில் நான்கு அணிகள்: சிவப்பு ஹபானா, நீல அல்மெண்டாரஸ், மரியனாவ், சியென்ஃபுவேகோஸ். நான்குமே ஆடியது ஹவானாவின் செரோ பகுதியில் 1946-ல் திறந்த கிரான் ஸ்டேடியத்தில். 35,000 பேர் உட்காரலாம். 1947 வசந்த காலத்தில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் பயிற்சிக்கு இங்கேதான் வந்தது. அதே வருடம் கறுப்பினத்தவரைச் சேர்க்காத மேஜர் லீக்கின் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன், அந்த வசந்தத்தில் மான்ட்ரியல் அணியின் ஆட்டக்காரராக இங்கே இருந்தார்.

இப்போது பாபி மதுரோ. பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர், கிரான் ஸ்டேடியத்தின் உரிமையாளர்களில் ஒருவர். ஹவானாவில் ஏற்கெனவே ஹவானா கியூபன்ஸ் என்ற ஒரு கீழ்ப்படி மைனர் லீக் அணி இருந்தது. வாஷிங்டன் செனட்டர்ஸ் கிளப்புக்காகக் கியூபாவில் ஆள் பிடித்துக்கொண்டிருந்த ஜோ கேம்ப்ரியா ஆரம்பித்த அணி அது. மதுரோ அதை வாங்கி, டிரிபிள் ஏ படிக்கு ஏற்றி, 1954-ல் சுகர் கிங்ஸ் என்ற பெயரில் இன்டர்நேஷனல் லீக்கில் சேர்த்தார். அணியின் கோஷம் அவர் மனதில் இருந்ததை அப்படியே சொல்லிவிட்டது: இன்னும் ஒரு படி, வந்து சேர்ந்துவிடுவோம். அந்தப் படி மேஜர் லீக்.

1955 முதல் தாய் கிளப் சின்சினாட்டி. அந்த ஊருக்கும் கியூபாவுக்கும் உறவு பழையது. 1911-லேயே ரஃபேல் அல்மெய்டா, அர்மாண்டோ மார்சான்ஸ் என்ற இரண்டு கியூபர்களை சின்சினாட்டி களம் இறக்கியிருந்தது. அதன் வழக்கமான பெயர் ரெட்ஸ். 1950-களில் கம்யூனிச பயம் அமெரிக்காவைப் பிடித்து ஆட்டியபோது, சிவப்பு என்ற சொல்லே வேண்டாம் என்று சில வருடம் ரெட்லெக்ஸ் என்று பெயரை மாற்றி வைத்திருந்தார்கள். காலம் எப்படி இருந்தது என்பதற்கு அது ஒன்றே போதும்.

முதல் வருடம் கூட்டம் நன்றாகவே வந்தது, கிட்டத்தட்ட மூன்று லட்சம் பேர். ஆனால் ஆரம்பத்திலேயே ஒரு சிக்கலும் இருந்தது. ஹவானா ரசிகர் சிவப்பு அல்லது நீலம்; அப்பா என்ன நிறமோ பிள்ளையும் அதே நிறம். கோடையில் வந்து ஆடும் சுகர் கிங்ஸுக்கு அப்படி ஒரு பரம்பரைப் பற்று கிடையாது. நன்றாக ஆடும் ஆளை சீசன் நடுவில் தாய் கிளப் மேலே கூப்பிட்டுக்கொள்ளும் என்பதும் அவர்களுக்குப் புதிதான, பிடிக்காத விஷயம். அப்புறம் அரசியல். 1956 டிசம்பரில் ஃபிடல் காஸ்ட்ரோவின் ஆட்கள் கிழக்குக் கரையில் வந்து இறங்கி மலைக்குள் போனார்கள். 1957-ல் ஹவானாவில் குண்டு வெடிப்பது சாதாரணமாகிவிட்டது. இரவில் மைதானத்துக்குப் போக யாருக்குத் துணிச்சல் வரும்? அந்த வருடம் மொத்தக் கூட்டம் ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. மதுரோவின் பணம் கரைந்துகொண்டே இருந்தது.

இங்கே சர்க்கரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தத் தீவின் பொருளாதாரமே கரும்பின் மேல் நின்றது. கியூபச் சர்க்கரையின் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்கா. வருடத்துக்கு இவ்வளவு டன் வாங்கிக்கொள்கிறோம், உலகச் சந்தையைவிடப் பெரும்பாலும் நல்ல விலை தருகிறோம் என்று சட்டப்படி ஒரு ஒதுக்கீடு வைத்திருந்தது. அந்த ஒதுக்கீட்டின் அளவை முடிவு செய்வது வாஷிங்டன், ஹவானா அல்ல. கியூப பேஸ்பாலும் இதே சர்க்கரையில் வளர்ந்ததுதான். ஆலைகள் ஒவ்வொன்றும் சொந்தமாக அணி வைத்திருந்தன. வெட்டும் அரைப்பும் இல்லாத மாதங்களில் தொழிலாளிகளுக்குப் பொழுதுபோக்கும் அதுதான், கனவும் அதுதான். கறுப்பினப் பையன்கள் பலருக்கு ஆலை மைதானம்தான் பந்து தொட்ட முதல் இடம்.

1959 ஜனவரியில் சர்வாதிகாரி பாடிஸ்டாவின் ஆட்சி கவிழ்ந்தது, காஸ்ட்ரோ வந்தார். சுகர் கிங்ஸுக்கு அது கெட்ட காலமாக ஆரம்பிக்கவில்லை. புதிய அரசு அணியைத் தன் பெருமையாகவே பார்த்தது. பணக் கஷ்டத்தில் கைகொடுப்போம் என்று காஸ்ட்ரோவே வாக்குக் கொடுத்தார். அவருக்கு ஆட்டத்தில் ஆசை உண்டு. ஆனால் இளமையில் அமெரிக்க கிளப்புகள் அவரைப் பந்து வீசும் பிட்சராக எடுக்கப் பார்த்தன, அவர்கள் மட்டும் எடுத்திருந்தால் புரட்சியே வந்திருக்காது என்று உலகம் முழுக்க சுற்றும் கதைக்கு ஆதாரம் கிடையாது. பள்ளியில் நன்றாக விளையாடியவர், பெரிய ரசிகர், அவ்வளவுதான்.

ஜூலை 24 இரவு, ராச்செஸ்டர் ரெட் விங்ஸுடன் லீக் ஆட்டம் தொடங்குமுன் ஒரு காட்சி ஆட்டம் வைத்தார்கள். தாடிக்காரர்கள் என்ற பெயரில் ஒரு பக்கம், ராணுவப் போலீஸ் மறுபக்கம். தாடிக்காரர்களுக்குப் பந்து வீசியவர் காஸ்ட்ரோ. எதிரணிக்கு வீச வேண்டிய புரட்சித் தளபதி கமிலோ சியென்ஃபுவேகோஸ், விளையாட்டில்கூட ஃபிடலுக்கு எதிராக நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவருக்கே கேட்சராகப் போனார் என்பது கியூபாவில் எல்லாருக்கும் தெரிந்த கதை.

மறுநாள் இரவுதான் அந்தத் துப்பாக்கிச் சம்பவம். ராச்செஸ்டருடனான ஆட்டம் சமநிலையில் நீண்டு நள்ளிரவைத் தாண்டியது. ஜூலை 26 என்பது புரட்சி இயக்கத்தின் பெயரிலேயே உள்ள தேதி. பன்னிரண்டு அடித்ததும் விளக்கை அணைத்தார்கள், இயக்கப் பாடல் ஒலித்தது. மைதானத்துக்கு உள்ளேயும் வெளியேயும் வானத்தை நோக்கிச் சுட ஆரம்பித்தார்கள். விளக்கு வந்து ஆட்டம் மறுபடி தொடங்கியது, 11-வது இன்னிங்ஸில் ஒரு தகராறு. ஹவானாவின் ஜெஸ்ஸி காண்டர் ஓடும்போது, வழியில் மிதித்தே ஆக வேண்டிய முதல் பேஸை மிதிக்கவில்லை என்று ராச்செஸ்டர் மேனேஜர் காட் டீல் நடுவரிடம் மல்லுக்கட்டினார். நடுவர் அவரை வெளியே அனுப்பிவிட்டார். அடுத்த இன்னிங்ஸில் ராச்செஸ்டர் ஆட வந்தபோது மூன்றாம் பேஸ் அருகே பயிற்சியாளராக நிற்க வேண்டியவர் டீல். அவர் இல்லாததால் அதே அணியின் ஆட்டக்காரர் ஃபிராங்க் வெர்டி போய் நின்றார். வானத்துக்குச் சுட்ட குண்டு ஒன்று இறங்கி வந்து வெர்டியின் தலையில் பட்டது. ஆள் கீழே விழுந்தார். பந்து பட்டால் தாங்கட்டும் என்று தொப்பிக்குள் பிளாஸ்டிக் தகடு ஒன்றை அவர் வைத்திருந்தார். குண்டு அதில் வழுக்கிக் காதையும் தோளையும் உரசிக்கொண்டு போனது. டீல் அந்தத் தகட்டைப் போடும் பழக்கம் உள்ளவர் அல்ல. அதே நேரத்தில், இரண்டாம் மூன்றாம் பேஸுக்கு நடுவே பந்து தடுக்கும் ஹவானாவின் ஷார்ட்ஸ்டாப் லியோ கார்டெனஸ் தோளையும் ஒரு குண்டு உரசியது. நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். ராச்செஸ்டர் அணி மறுநாள் ஆட மறுத்து ஊருக்கு விமானம் ஏறியது.

லீக்கில் பெரிய சலசலப்பு. இனி ஹவானா வேண்டாம் என்ற பேச்சு எழுந்தது. ஆனால் அணி அங்கேயேதான் இருந்தது. மற்ற அணிகள் திரும்ப வந்தன. பிரெஸ்டன் கோமஸ் என்ற கியூபர் மேனேஜராக இருந்த அந்த அணி லீக்கில் மூன்றாம் இடம் பிடித்து, முன்னணி அணிகள் மோதும் பிளேஆஃபில் கொலம்பஸையும் ரிச்மண்டையும் வீழ்த்தி லீக் கோப்பையை எடுத்தது. அடுத்தது ஜூனியர் வேர்ல்ட் சீரீஸ். இன்னொரு டிரிபிள் ஏ லீக்கின் சாம்பியனுடன் ஏழு ஆட்டத் தொடர். எதிரணி மினியாபொலிஸ் மில்லர்ஸ். மேனேஜர் ஜீன் மாக். பிற்காலத்தில் பாஸ்டன் ரெட் சாக்ஸின் பெரிய நட்சத்திரமான இருபது வயது கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி அந்த பிளேஆஃபுக்காகத்தான் அங்கே வந்து சேர்ந்திருந்தார்.

செப்டம்பர் கடைசியில் மினியாபொலிஸில் இரண்டு ஆட்டங்கள் நடந்தன. கடுங்குளிர். வெப்பத் தீவிலிருந்து வந்தவர்கள், ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்டில் குப்பைத் தொட்டிக்குள் நெருப்பு மூட்டிக் கையைச் சுட வைத்துக்கொண்டார்கள். பார்க்க வந்த கூட்டமும் சொற்பம். மூன்றாவது ஆட்டத்தை அங்கே நடத்தவே முடியாது என்றானதும் மிச்சம் ஐந்தையும் ஹவானாவுக்கே மாற்றிவிட்டார்கள்.

ஹவானாவில் கதையே வேறு. ஐந்து ஆட்டங்களுக்கும் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள். காஸ்ட்ரோ தொடர்ந்து வந்தார். மைதானத்தின் விளிம்பிலும் டக்அவுட்டிலும் துப்பாக்கியோடு சிப்பாய்கள் நின்றார்கள். மினியாபொலிஸ் ஆட்டக்காரர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கவே கஷ்டமாக இருக்கிறது. அதில் ஆடி அவர்கள் தொடரை மூன்றுக்கு மூன்று என்று இழுத்து வந்தார்கள் என்றால் அது சாதாரண விஷயமில்லை. அக்டோபர் 6, ஏழாவது ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸ் வரை மில்லர்ஸ் 2-0 முன்னிலை. அந்த இன்னிங்ஸில் ஹவானா இரண்டு ரன் எடுத்துச் சமன் செய்தது. ஒன்பதாவதில் டேனி மொரெஹோன் அடித்த பந்து நடுத்திடலில் விழ, இரண்டாம் பேஸிலிருந்து பிட்சர் ரவுல் சான்செஸ் ஓடி வந்து வெற்றி ரன்னை எடுத்தார். 3-2. கூட்டம் மொத்தமும் மைதானத்துக்குள் இறங்கியது.

இதற்கு ஒன்பது மாதம் கழித்து அணி இல்லை.

1960 கோடையில் நடந்தவற்றைத் தேதி வாரியாகப் பார்த்தால் நான் மேலே சொன்னது புரியும். சோவியத் எண்ணெயைச் சுத்திகரிக்க மாட்டோம் என்று அமெரிக்க, பிரிட்டிஷ் கம்பெனிகள் மறுத்தன. ஜூன் கடைசியில் கியூப அரசு அந்த ஆலைகளைக் கையில் எடுத்துக்கொண்டது. பதிலடியாக ஜூலை 6 அன்று அதிபர் ஐசனோவர் அந்த வருட சர்க்கரை ஒதுக்கீட்டில் மிச்சம் இருந்த சுமார் 7 லட்சம் டன்னை வெட்டினார். அதற்கு அடுத்த ஓரிரு நாளில் லீக் தலைவர் ஃபிராங்க் ஷாக்னசி, சுகர் கிங்ஸ் ஹவானாவை விட்டு நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டிக்குப் போகிறது என்று அறிவித்தார். ஆட்டக்காரர்களின் பாதுகாப்பே காரணம் என்றார். வெர்டி மேல் குண்டு பட்டபோது நகராத அணி, யார் மேலும் குண்டு படாத வாரத்தில் நகர்ந்தது.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் அழுத்தம் இதன் பின்னால் இருந்தது என்று அப்போதே பேசினார்கள். இரண்டு நாட்டு உறவே முறிந்துகொண்டிருக்கும்போது அரசு நெருக்காமல் லீக் தானாக இந்த வேகத்தில் முடிவெடுத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. லீக்கின் பயம் பொய் என்றும் சொல்லமாட்டேன். மற்ற அணிகளின் முதலாளிகளுக்குத் தங்கள் ஆட்களை அங்கே அனுப்புவதில் நியாயமான தயக்கம் இருந்தது. ஆனால் பயம் ஒரு வருடமாகக் கூடவே இருந்தது, முடிவு சர்க்கரை வெட்டோடு வந்தது. இந்த வரிசையை நான் தற்செயல் என்று எடுத்துக்கொள்ளமாட்டேன். தீவு விளைவித்ததை வாங்குவதா என்பதும், தீவு நேசித்த அணி அங்கே இருப்பதா என்பதும் இரண்டுமே தீவுக்கு வெளியே முடிவாயின.

மதுரோ எதிர்த்துப் பார்த்தார். அணியை எடுத்தால் அது பெரிய தவறு, கியூபாவையும் அமெரிக்காவையும் இன்னும் பிணைத்திருக்கும் சில கயிறுகளில் இது ஒன்று என்பதுதான் அவர் நிலை. காஸ்ட்ரோவும் கண்டித்தார். பயனில்லை. அப்போதைய மேனேஜர் டோனி கஸ்டான்யோ அணியோடு போக மறுத்து விலகினார். நெப்போலியன் ரெயஸ் அந்தப் பொறுப்பை ஏற்றார். கியூப ஆட்டக்காரர்களில் பலர், வேலை வேண்டுமே என்று, ஜெர்சி சிட்டி என்று எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டார்கள். அங்கே ரூஸ்வெல்ட் ஸ்டேடியத்தில் யாருக்கும் அவர்களைத் தெரியாது. கூட்டம் சேரவில்லை. 1961 முடிந்ததும் உரிமம் ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லுக்குப் போனது, 1969-ல் வர்ஜீனியாவுக்கு. இன்று நார்ஃபோக் டைட்ஸ் என்று ஆடும் அணி காகிதக் கணக்கில் சுகர் கிங்ஸின் வாரிசுதான்.

கியூபாவில் 1960-61 குளிர்கால லீக்தான் கடைசி. 1961-ல் அரசு தொழில்முறை விளையாட்டையே ஒழித்தது. சிவப்பும் நீலமும் அதோடு போயின. மதுரோவின் சொத்துக்களும் போயின, அவர் மயாமிக்குப் போய்விட்டார். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரும் முடிவெடுக்க வேண்டிய நேரம்: அமெரிக்காவில் ஆட்டமா, கியூபாவில் குடும்பமா. தோளில் குண்டு உரசிய கார்டெனஸ் சின்சினாட்டியின் நிரந்தர ஷார்ட்ஸ்டாப் ஆனார். மைக் குவெய்யார் 1969-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதைப் பகிர்ந்துகொண்டார். குக்கி ரோஹாஸ், டோனி கொன்சாலஸ், போர்ட்டோ ரிக்கோவின் லூயிஸ் அரோயோ எல்லாம் மேஜர் லீக்கில் நிலைத்தவர்கள். ஏழு வருடத்துக்குள் ஒரு மைனர் லீக் அணி வழியாக இத்தனை பேர் மேலே போனது சின்ன விஷயமில்லை.

டோனி பெரஸ் கதையையும் இதோடு சேர்க்க வேண்டும். கமகுவே மாகாணத்தில் சென்ட்ரல் வயலெட்டா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்துக்கொண்டு ஆலை அணிக்கு ஆடிய பதினேழு வயதுப் பையன். சுகர் கிங்ஸின் முன்னாள் மேனேஜர் டோனி பச்சேகோ அவரைக் கண்டுபிடித்தார். 1960-ல் சின்சினாட்டி அவரை ஒப்பந்தம் செய்தபோது கொடுத்தது ஒரு விமான டிக்கெட்டும் வெளியேறும் விசாவுக்கான இரண்டரை டாலரும். அந்தப் பையன் அங்கிருந்து சுகர் கிங்ஸுக்கு ஏறி, ஹவானாவில் தன் ஊர்க்காரர்கள் முன்னால் டிரிபிள் ஏ ஆடியிருக்க வேண்டும். அதற்குள் அணி இல்லை. அவர் அமெரிக்காவில் வளர்ந்து, 1970-களின் மாபெரும் சின்சினாட்டி அணியின் தூண்களில் ஒருவரானார். 2000-ல் பேஸ்பால் மேதைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்றார். நடுவில் அப்பா அம்மாவைப் பார்க்க வருடக் கணக்கில் காத்திருந்தார்.

ஹவானாவுக்கு நிஜமாகவே மேஜர் லீக் அணி வந்திருக்குமா? பணம் பெரிய தடை. மைனர் லீக்கிலேயே மதுரோ நஷ்டப்பட்டார். மேஜர் லீக் செலவை அந்த ஊர் டிக்கெட் வருமானம் தாங்கியிருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் மான்ட்ரியலுக்கும் டொராண்டோவுக்கும் மேஜர் லீக் வந்தபோது அவற்றின் பழைய மைனர் லீக் அணிகள் கூட்டமில்லாமல் ஊரை விட்டுப் போய் வருடங்கள் ஆகியிருந்தன. ஊரின் அளவு, மைதானம், ஆட்டத்தின் மீதுள்ள பைத்தியம், ஆட்டக்காரர்களின் தரம் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் 1959-ல் மூன்றில் முன்னால் நின்றது ஹவானா என்பேன்.

மதுரோ கடைசிவரை விடவில்லை. பேஸ்பால் கமிஷனர் அலுவலகத்தில் லத்தீன் அமெரிக்க உறவுகளைக் கவனிக்கும் வேலையில் பல வருடம் இருந்தார். 1979-ல் மயாமி, கரகாஸ், மரகாய்போ, பனாமா, சான் ஹுவான், சாண்டோ டொமிங்கோ என்று ஆறு ஊர்களை இணைத்து இன்டர்-அமெரிக்கன் லீக் தொடங்கினார். விமானம், விசா, மழை, பணம் எல்லாம் சேர்ந்து அமுக்க, ஜூன் முடிவதற்குள் அது மூடிவிட்டது. 1986-ல் அவர் இறந்தார். மறு வருடம் மயாமி ஸ்டேடியத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2001-ல் அதையும் இடித்துவிட்டார்கள்.

கிரான் ஸ்டேடியம் இன்னும் செரோவில் இருக்கிறது, லத்தீனோஅமெரிக்கானோ என்ற பெயரில். 1999-ல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அங்கே வந்து கியூப தேசிய அணியோடு ஆடியது. 2016 மார்ச்சில் டாம்பா பே ரேஸ் வந்தது. ஒபாமாவும் ரவுல் காஸ்ட்ரோவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். 2018 டிசம்பரில் ஒரு ஒப்பந்தம்கூட முடிந்தது. கியூப ஆட்டக்காரர்கள் கள்ளப் படகில் தப்பி ஓடாமல் சட்டப்படி மேஜர் லீக்குக்கு வரலாம், கியூப பேஸ்பால் சம்மேளனத்துக்கு அதற்கொரு தொகை போகும். நான்கு மாதத்தில், 2019 ஏப்ரலில், டிரம்ப் அரசு அதை ரத்து செய்தது. சம்மேளனம் அரசின் ஒரு அங்கம், அதற்குக் கொடுப்பது கியூப அரசுக்குக் கொடுப்பதுதான் என்று காரணம் சொன்னார்கள்.